கர்ணனை உயிரோடு விட்டுவிட்டு வந்த எங்கள் அண்ணன்

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களிலும் நண்பர்களிலும் பாதிப் பேர் எங்கள் அண்ணன் பாரதம் சொல்லிக் கேட்டவர்கள். மீதிப் பேர் கேட்கப் போய்த் தூங்கியவர்கள். இரு சாராருக்கும் எங்கள் குடும்பத்தின் வணக்கம். அண்ணன் இரு சாராரையும் ஒன்றாகவே மதித்தார். "நம்ம குரலை நம்பித்தானே கண்ணை மூடறாங்க" என்பார்.

அண்ணன் மறைந்து ஓராண்டு நிறைகிறது. அவரைப் பற்றி எழுதும் பொறுப்பை என்னிடம் கொடுத்தபோது அண்ணி ஒரு நிபந்தனை விதித்தார். "தம்பி, உங்க கிண்டலைக் கொஞ்சம் கொறைச்சுக்குங்க. அவரு போட்டோவுக்குக் கீழ வர்ற எழுத்து." குறைத்திருக்கிறேன். இது குறைத்த பிறகு மிஞ்சியது.

அண்ணன் பிறந்தது பாப்பாரப்பட்டியில். அப்பாவுக்கு மானாவாரி நிலம் கொஞ்சம் இருந்தது. அதில் கேழ்வரகும் கொள்ளும் மழையின் மனசுக்குத் தக்கபடி விளைந்தன. நாங்கள் பிள்ளைகள் இருவர். அண்ணன் ஐந்தாம் வகுப்பை முடித்த சமயத்தில் அப்பா காலமாகிவிட்டதால் அவருடைய படிப்பு அத்தோடு நின்றது. என்னுடைய படிப்பு நிற்கவில்லை. அது நிற்காமல் இருப்பதற்காக அண்ணன் ஏர் ஓட்டினார், கிணறு வெட்டும் இடங்களில் கல் சுமந்தார், சந்தை சந்தையாகப் போய் ஏலம் கூவினார். இவ்வளவு பாடுபட்டுப் படிக்க வைத்த தம்பி தாலுகா ஆபீசில் குமாஸ்தாவானான். ஓய்வு நேரத்தில் வாரப் பத்திரிகைகளுக்கு நகைச்சுவைக் கட்டுரைகள் அனுப்பினான். அவை போன வேகத்திலேயே திரும்பி வந்தன. அப்போதும் அண்ணன் எல்லாரிடமும் "என் தம்பி எழுத்தாளன்" என்றுதான் சொன்னார். நடந்ததை மட்டும் வைத்துக்கொண்டு அவரால் கதை சொல்ல முடியாது என்பது எனக்கு அப்போதே புரிந்தது.

காரிமங்கலம் சந்தையில் அண்ணன் மிளகாய் ஏலம் கூவியதைக் கேட்ட ஒரு பாரதப் பிரசங்கியார் அவரைப் பின்பாட்டுக்குச் சேர்த்துக்கொண்டார். மிளகாய் ஏலத்தில் ஒரு ராகம் இருந்ததாம். அதனால் மிளகாய்க்கு விலை கூடியதாகத் தெரியவில்லை. சில ஆண்டுகளில் பிரசங்கியார் ஓய்ந்துவிட, அண்ணனே முன்னால் நின்றார். பின்னால் மாதப்பன் வந்து நின்றார்.

மாதப்பனைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். பாரதம் சொல்வது இரண்டு பேர் சேர்ந்து செய்கிற வேலை. பின்பாட்டுக்காரர் ஆர்மோனியத்தோடு விருத்தத்தைப் பாடி நிறுத்துவார். நிறுத்திய இடத்தில் பிரசங்கியார் சப்ளாக்கட்டையைத் தட்டிக்கொண்டு அதன் பொருளைப் பேச்சும் பாட்டுமாக எடுத்துவிடுவார். மாதப்பன் கதையில்லாத நாட்களில் சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டுபவர். அவருடைய ஆர்மோனியத் துருத்தியிலும் அதே டியூப் துண்டு ஒட்டப்பட்டிருக்கும். பாடி நிறுத்தியதும் தலையை வலப்பக்கம் திருப்பி அண்ணனைப் பார்ப்பார். இனி உங்கள் பாடு என்று அர்த்தம். அந்தத் திருப்பம் இல்லாமல் அண்ணன் வாய் திறந்ததில்லை.

எங்கள் பக்கத்தில் தருமராஜா கோயில் திருவிழா என்றால் இரவில் கூத்து, பகல் சாப்பாட்டுக்குப் பிறகு பாரதம். கொடியேறியதும் பிரசங்கியார் கையில் மஞ்சள் துண்டு கோத்த காப்புக் கயிற்றைக் கட்டிவிடுவார்கள். கட்டிய பிறகு, போர் முடிந்து தருமருக்குப் பட்டம் கட்டும் வரை அவர் ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. கதை எந்த இடத்தில் நிற்கிறதோ அந்த இடத்துக் கஷ்டம் ஊரைப் பிடித்துக்கொள்ளும் என்பது நம்பிக்கை. பாண்டவர் காட்டில் இருக்கும்போது நின்றால் ஊரே பிழைப்புத் தேடி வெளியே போகும். போரில் நின்றால் பங்காளிச் சண்டை தீராது. ஆகவே அண்ணனுக்கு வருடத்தில் சில மாதங்கள் வீடு கிடையாது.

அண்ணியின் முதல் பிரசவத்தின்போது அண்ணன் சித்தேரி மலையடிவாரத்தில் ஓர் ஊரில் காப்போடு இருந்தார். குழந்தை பிறந்தது, அழாமலே போய்விட்டது. அண்ணனுக்கு ஆள் அனுப்பினோம். அவரால் வர முடியவில்லை. காப்பை அவிழ்த்துவிட்டு அவர் வீடு வந்து சேர்ந்தபோது அண்ணி அழவில்லை, சண்டையும் போடவில்லை. சோறு போட்டார். போட்டுவிட்டுச் சொன்னார்:

"அடுத்தது ஒண்ணு வந்துச்சுன்னா நீங்க வாசப்படியில இருக்கணும். உள்ள வந்து ஒண்ணும் பண்ண முடியாது, தெரியும். நான் கத்தறது உங்க காதுல உழுவணும். ஊரு ஊராப் போயி அடுத்தவங்க பொண்டாட்டி அழுததையெல்லாம் சொல்லறீங்களே, இத மட்டும் கேளுங்க."

அண்ணன் "சரி" என்றார். அவர் ஒரே வார்த்தையில் பதில் சொல்லி நான் கேட்டது அந்த ஒரு முறைதான்.

இனி நான் சொல்லப்போவது தருமபுரி தனி மாவட்டமாகாமல் சேலத்தோடு இருந்த காலத்தில், காரிமங்கலத்துக்குக் கிழக்கே ஓர் ஊரில் நடந்தது. ஊர்ப் பெயரை எழுத வேண்டாமென்று அவ்வூர்க்காரர்கள் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். சுற்றுவட்டாரத்தில் இருக்கிற கேலி போதுமாம்.

அண்ணி அப்போது மறுபடி உண்டாகியிருந்தார். மருத்துவச்சியின் கணக்குப்படி இன்னும் ஒரு மாதம் இருந்தது. அந்தக் கணக்கை நம்பித்தான் அண்ணன் அவ்வூரில் காப்புக் கட்டிக்கொண்டார். குழந்தை அந்தக் கணக்கை மதிக்கவில்லை. ஒரு காலையில் அண்ணிக்கு வலி எடுத்துவிட்டது. அம்மா என்னைக் கூப்பிட்டார்.

"போயி உங்கண்ணங்கிட்டச் சொல்லு."

"சொன்னா மட்டும் அவரு எப்பிடிம்மா வருவாரு? கையில காப்பு இருக்குதே."

"வர்றது அவன் பாடு. சொல்றது உன் பாடு. கெளம்பு."

பஸ் மாறி, கொஞ்சம் நடந்து, நான் பந்தலை அடைந்தபோது கதை போர்க்களத்தில் இருந்தது. துரோணர் வில்லோடு நிற்கிறார். மாதப்பன் பாடி நிறுத்தித் தலையைத் திருப்பினார். அண்ணன் வாயெடுக்கும்போது பந்தல் ஓரத்தில் என்னைப் பார்த்தார். கதையை நிறுத்தினால் தவறு. அதனால் நிறுத்தாமலே கேட்டார்.

"யாரப்பா அங்கே, மூச்சு வாங்க நிற்பது? அஸ்தினாபுரத்துத் தூதனா?"

எனக்கு மேடைப் பழக்கம் கிடையாது. "இல்லீங்கண்ணா, பாப்பாரப்பட்டியிலேருந்து" என்றேன். பந்தல் முழுக்கச் சிரித்தது.

"என்ன சேதி, தூதா?"

"அண்ணிக்கு வலி எடுத்துருச்சுங்க."

சிரிப்பு நின்றது. அண்ணன் சப்ளாக்கட்டையைக் கீழே வைத்தார். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த ஊர்க்கவுண்டரிடம் போனார். மெதுவாகத்தான் பேசினார், ஆனால் அவருடைய மெதுவும் கடைசி வரிசை வரை கேட்கும்.

"கவுண்டரே, நான் போயாவணுங்க."

"பிரசங்கியாரே, காப்ப நடுவுல அவுக்கக் கூடாதுங்க. அந்தச் சட்டத்த நான் வெக்கல."

"கதைய முடிச்சிட்டா?"

கவுண்டர் யோசித்தார். "முடிச்சிட்டா அவுக்க வேண்டியதுதான். நாளன்னிக்கு முடியறது இன்னிக்கே முடிஞ்சா, அது உங்க வாய்ச் சாமர்த்தியம். நாங்க ஏங்க கேக்கப்போறோம்?"

அதற்குப் பிறகு நான் பார்த்தது போல ஒரு பாரதப் போரை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். துரோணர் ஆயுதத்தைக் கீழே வைத்தது ஒரு மூச்சு, போய்ச் சேர்ந்தது மறு மூச்சு. சல்லியன் சேனாதிபதியானார், பதவியின் சூடு உடம்பில் ஏறுவதற்குள் மாண்டார். துரியோதனன் தொடையில் அடிபட்டு விழுந்தான். விழுந்தவனைத் திரும்பிப் பார்க்க அண்ணனுக்கு நேரமில்லை. மாதப்பன் விருத்தத்தின் முதலடியில் இருக்கும்போதே அண்ணன் கடைசி அடிக்குப் பொருள் சொல்லி முடித்திருந்தார். மிருதங்கக்காரர் வாசிப்பதை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார். தருமருக்குப் பட்டம் கட்டி, மங்களம் பாடி, கற்பூரத் தட்டு வந்ததும், அண்ணன் காப்புக் கையைக் கவுண்டருக்கு நேராக நீட்டினார். வெயில் இன்னும் இறங்கவில்லை. கடைசி பஸ்ஸுக்கு நேரமிருந்தது.

கற்பூரம் எரிந்து அணைந்தது. யாரும் எழுந்திருக்கவில்லை.

அந்த ஊரில் ஒரு வழக்கம். கர்ணன் சாகும் கதையன்று ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு முடிச்சுக் கேழ்வரகு கொண்டு வருவார்கள். கேட்டவருக்கெல்லாம் கொடுத்தவன் அவன். அவன் உயிர் போகும் நேரத்தில், யார் கேட்டாலும் அவர்களிடம் அந்த முடிச்சைக் கொடுத்துவிட வேண்டும். கதை இன்றே முடிகிறது என்று தெரிந்ததும் பெண்கள் வீட்டுக்கு ஓடி முடிச்சுகளோடு வந்து காத்திருந்தார்கள். இப்போது எல்லாருடைய மடியிலும் முடிச்சு அப்படியே இருந்தது.

பெண்கள் பக்கத்தில் ஒருவர் எழுந்தார். பெயர் பொன்னம்மா. கணவரை இழந்து, தனியாகக் காட்டு வெள்ளாமை பார்த்து வந்தவர். ஊரில் யாருக்கும் பயப்படாதவர் என்பது சீக்கிரமே தெரிந்தது.

"சாமி, பட்டமெல்லாம் கட்டிட்டீங்க. கர்ணன் எங்கீங்க?"

அண்ணன் மாதப்பனைப் பார்த்தார். மாதப்பன் ஆர்மோனியத்தைப் பார்த்தார்.

"மாதப்பா, கர்ணன் சாவு..."

"வரலீங்கண்ணா. துரோணருக்கு அப்பறம் நேரா சல்லியன் வந்துட்டாருங்க."

"சொல்ல வேண்டியதுதானேய்யா!"

"நீங்க வேணும்னுதான் வுட்டுட்டீங்கன்னு நெனச்சேன். அவசரத்துல யாராச்சும் ஒருத்தர வுட்டுத்தானே ஆவணும்?"

ஆண்கள் பக்கம் சிரித்தது. கவுண்டர் சிரிக்கவில்லை. காப்பு முடிச்சில் வைத்த விரலை எடுத்துவிட்டார். "கர்ணன் உசுரோட இருக்கறப்ப தருமருக்கு எப்பிடிங்க பட்டம் கட்டறது? குந்தி வவுத்துல மூத்தது அவரு. பட்டம் அவருக்குல்ல போவணும்?"

"அப்ப இது தருமராஜா கோயிலா, கர்ணராஜா கோயிலா?" என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்டார்.

நான் ஆபீசில் தினமும் வாரிசுத் தகராறுகளைப் பார்ப்பவன். இதைவிடச் சிக்கலான ஒன்று என் மேசைக்கு வந்ததில்லை.

அண்ணன் சப்ளாக்கட்டையை மறுபடி எடுத்தார். "உக்காருங்க. இப்பவே சொல்லிடறேன்."

"வேணாமுங்க" என்று பல குரல்கள் எழுந்தன. "கர்ணனை அவசரத்துல சாவடிக்கக் கூடாதுங்க. அவருக்கு ஒரு முழுப் பொழுது வேணும்." அவர்கள் சொன்னது நியாயம். கர்ணன் சாவை அண்ணன் ஒரு பகல் முழுக்கச் சொல்வார். அதைக் கேட்கத்தான் அந்த ஊர் அவரை அழைத்திருந்தது. ஆனால் ஒரு பகல் என்றால் மறுநாள். அண்ணன் நின்ற இடத்திலேயே நின்றார்.

பொன்னம்மா உட்காரவில்லை. கவுண்டரைப் பார்த்துப் பேசினார்.

"ஏங்க மாமா, ஒண்ணு கேக்கறேன். கர்ணன் பொறந்தப்ப அவங்கப்பன் பக்கத்துல இருந்தானா?"

"இல்ல."

"ஆத்தாக்காரி?"

"ஆத்துல வுட்டுட்டா. அதுக்கென்ன இப்ப?"

"வாசல்ல ஒரு ஆளு இல்லாம பொறந்ததுனாலதானே அந்த மனுசனுக்கு இத்தனையும் வந்துச்சு? இவரும் அங்க இல்லாம ஒரு புள்ள பொறக்கணுமா? கர்ணனுக்கே அது புடிக்காதுங்க. அவரு இருந்துட்டுப் போறாரு, நம்மகிட்ட என்ன சோறா கேக்கப்போறாரு? இவரு கேக்கறாரு. கேட்டவருக்குக் குடுத்தீங்களான்னு கர்ணன் நாளன்னிக்குக் கேட்டா, இல்லைன்னு சொல்லலாமா?"

கவுண்டர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "நீ சொல்றது வாஸ்தவந்தான் பொன்னம்மா. ஆனா பட்டம்? அதுக்கு ஒரு வழி வேணுமே."

அண்ணன் என்னைப் படிக்க வைத்ததற்குப் பலன் கிடைத்த நாள் அது. நான் முன்னால் போய்ச் சொன்னேன்: "எங்க ஆபீசுல தாசில்தார் லீவுல போனா அடுத்தவரு பொறுப்புல இருப்பாருங்க. கையெழுத்தெல்லாம் போடுவாரு, செல்லும். மூத்தவரு வர்ற வரைக்கும் தருமரும் பொறுப்புல இருக்கட்டுமே."

கவுண்டர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "கவருமெண்டுல அப்பிடி உண்டா?"

"எங்காபீசுல பாதிப் பேரு அப்பிடித்தானுங்க."

கவுண்டர் காப்பை அவிழ்த்தார். அவிழ்த்துக்கொண்டே சொன்னார்: "எங்கூர்ல கர்ணன் உசுரோட இருக்காரு. நீங்க வந்துதான் முடிக்கணும் பிரசங்கியாரே. வேற ஒருத்தரும் முடிக்கக் கூடாது. இது கோயில் மின்னால சொன்னது."

அண்ணன் கோயிலைப் பார்த்துக் கும்பிட்டார். பொன்னம்மா தன் முடிச்சை அண்ணன் கையில் வைத்தார். "நீங்க கேட்டீங்க, குடுத்தேன். பச்ச ஒடம்புக்காரிக்குக் கஞ்சி காச்சிக் குடுங்க."

பட்டம் பற்றிய வழக்கில் பஸ் போய்விட்டிருந்தது. சந்தை முடிந்து தருமபுரிக்குத் திரும்பிக்கொண்டிருந்த புளி வியாபாரி பாய் ஒருவர் லாரியை நிறுத்தினார். அண்ணனை டிரைவர் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். என்னைப் புளி மூட்டை மேல் ஏற்றினார்கள்.

"என்னா பிரசங்கியாரே, சண்ட முடிஞ்சுதா?" என்று பாய் கேட்டது மேலே எனக்குக் கேட்டது.

"முடிஞ்சுது பாய். ஒருத்தர் மட்டும் பாக்கி."

"யாரு?"

"நம்ம கர்ணன்தான் பாய்."

"அவரா? இருக்கட்டும் வுடுங்க. நல்ல மனுசன்" என்றார் பாய். தருமபுரியோடு தன் வேலை முடிந்தும், லாரியைப் பாப்பாரப்பட்டி வரை ஓட்டச் சொன்னார்.

நாங்கள் வந்து சேர்ந்தபோது விளக்கு வைத்திருந்தார்கள். அண்ணன் வாசற்படியில் போய் நின்று, "நான் வந்துட்டேன்" என்றார். அவருக்கு வீட்டுக்கென்று தனிக் குரல் கிடையாது. தெருவே கேட்டது. உள்ளேயிருந்து அண்ணியின் குரல் வந்தது: "மெதுவாச் சொல்லுங்க! ஊருக்கேவா வலிக்குது?" அம்மா பிறகு சொன்னார், அந்த நேரத்து வலியிலும் அண்ணி சிரித்தாராம்.

அண்ணன் அந்தப் படியை விட்டு நகரவில்லை. விடியும்போது பெண் குழந்தை பிறந்தது. பிறந்ததும் அழுதது. அந்த அழுகையை அண்ணன் சப்ளாக்கட்டை இல்லாமல், வாயைத் திறக்காமல், கடைசி வரை கேட்டார். பையனாக இருந்தால் கர்ணன் என்று பெயர் வைத்திருக்கலாம் என்று தெருவில் எல்லாரும் சொன்னார்கள். அண்ணன் ராதா என்று வைத்தார். ஆற்றில் வந்த குழந்தையைக் கையில் எடுத்தவள் பெயர். பொன்னம்மா கொடுத்த கேழ்வரகில்தான் அண்ணிக்கு முதல் கஞ்சி.

அண்ணன் சொன்ன சொல்லை மறக்கவில்லை. அடுத்த முறை அவ்வூர்த் திருவிழாவுக்குப் போனபோது கர்ணனை முறைப்படி முடித்துவிடத் தயாராகத்தான் போனார். இடையில் நல்ல மழை பெய்து நிலக்கடலை காய்த்திருந்தது. "இப்ப என்னங்க அவசரம்?" என்றார் கவுண்டர். அதற்கடுத்த முறை ஊரில் கல்யாணங்கள் இருந்தன. கல்யாண வருசத்தில் சாவு வேண்டாமென்றார்கள். பிறகு யாருக்கோ பிரசவம். பிறகு காரணம் சொல்வதையே விட்டுவிட்டார்கள். துரோணர் விழுந்ததும் அண்ணன், "கர்ணன் தானம் கொடுக்கப் போயிருக்கிறார், வந்ததும் பார்த்துக்கொள்ளலாம்" என்று சொல்லிவிட்டுச் சல்லியனுக்குப் போவார். பெண்கள் அந்த இடத்தில் முடிச்சுகளை அவிழ்த்துக் கேட்டவருக்குக் கொடுப்பார்கள். தருமர் பொறுப்பிலேயே ஆண்டு வந்தார்.

எழுபதுகளில் மழை பொய்த்தபோது ஊரில் பேச்சு மாறியது. சாக வேண்டியவரைச் சாகவிடாமல் வைத்திருப்பதால்தான் வானம் கோபித்துக்கொண்டது என்று இளவட்டங்கள் சிலர் சொல்ல, அண்ணனை அழைத்துவர ஆள் வந்தது. அண்ணன் போனார், நானும் கூடப் போனேன். பந்தலில் பொன்னம்மா எழுந்து நின்றார்.

"மழ பேயலைன்னா கர்ணன் என்னடா பண்ணுவாரு? கையில இருந்தா குடுத்திருக்க மாட்டாரா?"

அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. மழை அது வந்தபோது வந்தது.

திரும்பி வரும் பஸ்ஸில் அண்ணனைக் கேட்டேன். மற்ற ஊர்களிலெல்லாம் அவர் கர்ணன் சாவைச் சொல்லித்தான் வந்தார். முன்பைவிட நன்றாகவே சொன்னார். கேட்டவர்கள் தேம்பித் தேம்பி அழுதார்கள். "எல்லா ஊர்லயும் சாவடிக்கிறீங்க, இங்க மட்டும் முடியலையே, கஷ்டமா இல்லீங்களா?" என்றேன். அண்ணன் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார்: "அப்பிடியில்லடா. முன்னெல்லாம் அந்த எடத்துல எனக்கே தொண்ட அடைச்சுக்கும், பாதியில வார்த்தை போயிடும். இப்ப அடைக்கறதில்ல. ஒரு ஊர்ல இருக்காருன்னு தெரியுமில்ல."

அண்ணனின் நற்குணங்களைப் பட்டியல் போடும்படி உறவினர்கள் சொன்னார்கள். கோபம் உண்டு, காபி ஆறியிருந்தால் வரும். தன் குரலைப் பற்றிக் கொஞ்சம் கர்வம் உண்டு. எந்த ஊரிலும் எந்தச் சாதி வீட்டுத் தண்ணீரையும் வேண்டாமென்று சொன்னதில்லை. ராதா பள்ளிக்கூடம் போகும் வயது வந்ததும், எவ்வளவு தூரமானாலும், காப்புக் கட்டுமுன் அண்ணியிடம் கேட்டுக்கொண்டுதான் கட்டினார். எனக்குத் தெரிந்தவரை எந்தப் பிரசங்கியாரும் அப்படிச் செய்ததில்லை. கேட்கப்பட்டதில் அண்ணிக்கும் கொஞ்சம் கர்வம்தான்.

சென்ற ஆண்டின் முன்பகுதியில் அண்ணனுக்குத் தொண்டையில் நோய் கண்டது. சேலத்தில் வைத்தியம் பார்த்தோம். வேறெங்கும் தொடாமல் நோய் நேராகக் குரலுக்கே போனது. வீட்டுக்கு அழைத்து வந்த பிறகு, காதை அவர் வாயருகே கொண்டுபோனால்தான் கேட்கும். ஒரு நாள் என்னை அருகில் கூப்பிட்டார்.

"அந்த ஊர்ல ஒரு வார்த்த சொல்லியிருக்கேன்டா. நான்தான் முடிக்கணும்னு. இனி என்னால முடியாது. அவரு அப்பிடியே நின்னுக்கிட்டே இருப்பாரு. எனக்கப்பறம் அவரு நெலம என்ன?"

மரணத்தைப் பற்றியோ குடும்பத்தைப் பற்றியோ அவர் இவ்வளவு கவலைப்பட்டு நான் பார்க்கவில்லை. தேற்றுவதாக நினைத்து, "நான் போயிச் சொல்லி முடிச்சிடறேங்கண்ணா" என்றேன்.

அண்ணன் என்னைப் பார்த்தார். "நீ சொன்னா கர்ணன் சிரிச்சே செத்துருவாரு" என்றார். அவர் முகத்தில் நான் பார்த்த கடைசிச் சிரிப்பு அது. நான் எழுதிய எந்த நகைச்சுவைக்கும் அவர் அப்படிச் சிரித்ததில்லை. சில நாட்களில், அண்ணியும் ராதாவும் அருகிலிருக்க, அமைதியாகப் பிரிந்தார்.

எங்கள் பக்கத்தில் கருமாதியன்று கர்ணன் மோட்சம் சொல்வது வழக்கம். அன்று பந்தலில் மாதப்பன் ஆர்மோனியத்தோடு உட்கார்ந்துவிட்டார்; பொருள் சொல்லப் பக்கத்து ஊரிலிருந்து ஒரு பிரசங்கியாரை வரச் சொல்லியிருந்தோம். அவர் வருவதற்கு முன்பே ஒரு வேன் வந்து நின்றது. காரிமங்கலத்துக்குக் கிழக்கேயிருந்து வந்திருந்தார்கள். ஊர்க்கவுண்டரை இரண்டு பேர் பிடித்து இறக்கினார்கள். பின்னால் பொன்னம்மா. எல்லாப் பெண்கள் மடியிலும் முடிச்சு.

கவுண்டர் அண்ணனின் படத்துக்கு முன் வந்து நின்றார். "வேற யாரும் முடிக்கக் கூடாதுன்னு கட்டுப் போட்டது நாந்தானுங்க. அத நானே அவுத்துடறேன்" என்றார். காற்றில் ஒரு கயிற்றை அவிழ்ப்பது போலவே விரல்களை அசைத்தார். பிறகு பொன்னம்மாவைப் பார்த்தார். "நீயே சொல்லு. அன்னிக்கு இருக்கட்டும்னு சொன்னவ நீதான்."

பொன்னம்மா படத்தைப் பார்த்துப் பேசினார். பக்கத்து வீட்டுக்காரரிடம் பேசுகிற மாதிரிதான் பேசினார்.

"சாமி, நீங்க ஒத்தையில போவ வேணாமுங்க. எங்கூர்ல இருக்கறவரையும் கூட்டிட்டுப் போங்க. இத்தன நாளு நாங்க பத்தரமா வெச்சிருந்தோம், ஒரு கொறையும் இல்ல. வழியில உங்களுக்குப் பேச்சுத் தொணைக்கு ஆச்சு." பிறகு மாதப்பனிடம் திரும்பினார். "அன்னிக்குப் பாட வேண்டியத இப்பப் பாடுங்கய்யா."

மாதப்பன் துருத்தியை அழுத்தினார். அன்று துரோணருக்கும் சல்லியனுக்கும் இடையில் விட்டுப்போன விருத்தத்தைப் பாடினார். அவசரமில்லாமல், ஒவ்வோர் அடியாக, கர்ணன் தேரிலிருந்து சாயும் வரை. பாடி நிறுத்தியதும், பழக்கத்தில், தலையை வலப்பக்கம் திருப்பினார்.

அங்கே படந்தான் இருந்தது. யாரும் பொருள் சொல்லவில்லை. அங்கே உட்கார்ந்திருந்த யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டிய பொருளும் அதில் இல்லை. வாசற்படியிலிருந்து அண்ணி, "கேட்டுது மாதப்பா" என்றார். ராதா எழுந்து போய்ப் பொன்னம்மா முன் கையேந்தி, "குடுங்க ஆயா" என்றாள். முடிச்சுகள் அவிழ்ந்தன.

தருமருக்கு அன்று வேலை நிரந்தரமானது.

அண்ணனின் கடைசி மாதங்களில் தொண்டையில் இறங்கும்படி கஞ்சியை வடித்து வடித்துக் கொடுத்த அக்கம்பக்கத்து வீட்டாருக்கும், தூக்கமில்லாமல் பார்த்துக்கொண்ட மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், கேட்காமலே வண்டி அனுப்பிய புளிக்கடை பாயின் மகனுக்கும், ஒட்டுப் போட்ட ஆர்மோனியத்தோடு கடைசி வரை கூட வந்த மாதப்பனுக்கும், அண்ணன் கதையைக் கேட்டவர்களுக்கும் கேட்டுக்கொண்டே தூங்கியவர்களுக்கும் எங்கள் குடும்பம் நன்றி சொல்கிறது. இந்த நன்றியை அண்ணன் சொல்லியிருந்தால் கடைசி வரிசை வரை கேட்டிருக்கும். நான் எழுதத்தான் முடிகிறது.

இந்த மலரோடு ஒரு சிறு பொட்டலம் இருக்கும். அதில் இருப்பது ஒரு கைப்பிடிக் கேழ்வரகு. பெயர் எழுத வேண்டாமென்ற அந்த ஊர் இந்த ஆண்டு விளைச்சலில் அனுப்பி வைத்தது. தயவுசெய்து பூஜை மாடத்தில் வைத்துவிடாதீர்கள், சமைத்துவிடவும் வேண்டாம். யாராவது கேட்பார்கள். கேட்டதும் கொடுத்துவிடுங்கள்.